பிரசவ நேரத் தொற்றும் குழந்தையின் மூளையும்: கேள்வி பதில்

கேள்வி: கிருமி பனிக்குடத்தில்தான் இருந்தது என்றார்கள். மூளை எப்படிப் பாதிக்கப்பட்டது, டாக்டர்?

பதில்: கிருமி மூளைக்குள் போகவே தேவையில்லைங்க. பனிக்குடச் சவ்வில் தொற்று ஏறியதும் குழந்தையின் இரத்தத்தில் சைட்டோகைன்கள் எனும் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பெருகும். அவை மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவைத் தூண்டிவிடும். கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரத்துக்குள், நரம்பிழைகளுக்கு மயலின் எனும் கொழுப்பு உறை போடவேண்டிய செல்கள் இன்னும் முதிர்ந்திருக்காது. முதலில் மடிவது அவைதான். கால்களுக்கான நரம்பிழைகள் மூளை அறைகளை ஒட்டியே இறங்குகின்றன, சேதமும் அங்கேதான். அதனால்தான் பின்னாளில் கைகளைவிடக் கால்கள் அதிகம் விறைக்கின்றன.

கேள்வி: பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லை. வீட்டில் எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

பதில்: பார்க்கவே வேண்டாம், கிளம்புங்கள். உடைந்த நேரம், நீரின் நிறம், வாடை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 18 மணி நேரம் தாண்டினால் குழந்தைக்குத் தொற்று அபாயம் கூடும். தாய்க்குக் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ் என ஒருமுறை காட்டினாலே தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். 38க்கு மேல் இருந்து, கூடவே குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 160ஐத் தாண்டினாலும் அப்படித்தான். ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகிய இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் நரம்பு வழியே உடனே தொடங்கப்படும். வீட்டில் பாராசிட்டமால் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் தணிந்திருப்பதைப் பார்த்துத் தொற்றைத் தவறவிடுவது நடக்கிறது.

கேள்வி: 30 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிடும் போலிருக்கிறது. மெக்னீசியம் ஊசி எதற்கு?

பதில்: மூளையைக் காக்க. வழக்கமாக 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 20 நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். மூளைவாத (செரிப்ரல் பால்சி) அபாயம் குறையும். தொற்றுக்கு இது மருந்தல்ல, ஆன்டிபயாடிக் தனி.

கேள்வி: நிறைமாதக் குழந்தை பிறந்ததும் அழவில்லை. உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை கொடுத்திருக்க வேண்டாமா?

பதில்: அழற்சியில் இருக்கும் மூளை சிறிய ஆக்சிஜன் தட்டுப்பாட்டையும் தாங்காது, அதனால் உங்கள் கேள்வி நியாயமானது. பணக்கார நாடுகளில் 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைக்கிறார்கள், பலன் உண்டு. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளிடையே இறப்பு கூடியது. தொற்றுதான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. என்றாலும், நம் பகுதியில் இதை வழக்கச் சிகிச்சையாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரத் தலை ஸ்கேன் நார்மல். இனிக் கவலையில்லையா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூளையின் வெண்பகுதியில் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) நீர்க்கட்டி தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டும். 3 மாத வயதில் (குறைமாத வாரங்களைக் கழித்துக் கணக்கிடுங்கள்) குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, விழித்து அமைதியாக இருக்கும்போது சில நிமிட வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கை, கால், கழுத்தில் சின்னச் சின்ன நெளிவசைவுகள் இல்லையென்றால், எம்ஆர்ஐக்குக் காத்திராமல் பிசியோதெரபியைத் தொடங்கிவிடலாம்.