பழைய வார்ப்படச் சாலையும் நாணல் பள்ளமும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் அருகே இசிபிங்கோவில் மூடிக்கிடந்த வார்ப்படத் தொழிற்சாலை நிலத்தை நானும் தம்பியும் வாங்கினோம். இருபது வீடுகள் கட்ட எண்ணம். பின்புறம் நாணல் மண்டிய பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. தவளைக் கணக்கெடுப்பு முடியும்வரை கை வைக்காதீர்கள் என்கிறார் சுற்றுச்சூழல் ஆலோசகர். கான்ட்ராக்டரோ, "ஃபேக்டரி நிலத்துக்கு இதெல்லாம் எதற்கு? மண்ணைக் கொட்டி மூடிவிடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஆலோசகர் சொல்வதுதான் சரி. தயவுசெய்து அந்தப் பள்ளத்தில் மண் விழ விடாதீர்கள்.

தொழிற்சாலை நிலம் என்பதால்தான் உங்களுக்கு அனுமதியே தேவைப்படுகிறது. 2014-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் முதல் பட்டியலில் இது தனியாகவே இருக்கிறது: கனரகத் தொழில் நடந்த இடத்தில் 1,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ குடியிருப்பு கட்டினால் முன் அனுமதி வேண்டும். முறைப்படி மாசு நீக்கிய நிலத்துக்கு விலக்கு உண்டு. விற்றவரிடம் அதற்கான காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். காகிதம் இருந்தாலும் பள்ளத்துக்கு விலக்கு கிடைக்காது. அது சதுப்பு நிலமானால், 10 கன மீட்டருக்கு மேல் மண் கொட்டவே அனுமதி வேண்டும். ஒரு பெரிய டிப்பர் லோடு ஏறத்தாழ அவ்வளவுதான்.

அனுமதியில்லாமல் தொடங்கினால் 1 கோடி ராண்ட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "அப்புறம் 24ஜி-யில் (வேலை தொடங்கிய பிறகு அனுமதி கேட்கும் சட்டப் பிரிவு) சரிசெய்துகொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கும் 1 கோடி ராண்ட் வரை கட்ட நேரலாம். குற்ற வழக்கிலிருந்தும் அது உங்களைக் காப்பாற்றாது.

சரி, தவளைக்கு வருவோம். ஆலோசகர் மனதில் இருப்பது பிக்கர்ஸ்கில் நாணல் தவளையாக இருக்கும். நம் குவாசுலு-நட்டால் மாகாணக் கரையோரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் நிலையிலுள்ள உயிர். சுமார் 3 செ.மீ. நீளம்தான். நாணலுக்குள் ஒளிந்து பூச்சிபோல மெல்லக் கத்தும், மற்ற தவளைகளின் சத்தத்தில் அது அமுங்கிப்போகும். குளிர்காலமான ஜூலை மாதத்தில், பகலில் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதினால் அந்த அறிக்கை உங்களைக் காப்பாற்றாது. வசந்தத்திலோ கோடையிலோ, இரவில், பதிவுபெற்ற விலங்கியல் நிபுணர் கேட்டுப் பார்க்க வேண்டும். செலவைப் பார்த்து இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நம் மண்ணின் உயிர் அது.

தவளை இருந்தால் திட்டமே போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். பள்ளத்தையும் அதைச் சுற்றி ஓர் இடைவெளியையும் விட்டு வரைபடத்தை மாற்றி அனுமதி கேட்கலாம். இன்னொன்று: பழைய தொழிற்சாலைக் கட்டிடம் 60 ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் இடிக்கத் தனி அனுமதி வேண்டும்.

இன்றைக்கே கான்ட்ராக்டருக்கு எழுத்தில் கொடுங்கள்: அனுமதி கைக்கு வரும்வரை பம்பு, மண், புல்டோசர் எதுவும் பள்ளத்தின் பக்கம் போகக் கூடாது.