மூன்றாவது முறையும் நுழைவுத் தேர்வா?

மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிய மகளை இன்னொரு வருடம் உட்கார வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் வேண்டாம். கடன் வாங்கியாவது வெளிநாட்டில் சேர்க்கச் சொல்லும் சித்தப்பா, அதில் ஒரு தவணையைக்கூடக் கட்டப்போவதில்லை.

"ஆஸ்பத்திரிப் படிவத்தில் இருக்கும் தமிழைத் திருத்திக்கொண்டு இருக்கிறாள்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கே சம்பளம் தரும் வேலை இருக்கிறது: நோயாளிகளுக்கான கேள்வித்தாள்களை மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது.

புது மருந்தைப் பல நாடுகளில் சோதிக்கும்போது வலி, களைப்பு, மனநிலை பற்றி நோயாளியிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்பார்கள். எல்லா மொழியிலும் கேள்வி ஒரே பொருளைத் தராவிட்டால் பதில்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட முடியாது. அதனால் இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கியதும், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோவார். இஸ்போர் என்ற ஆய்வாளர் அமைப்பின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்தப் படிகளை வரிசையாகச் சொல்கிறது.

அப்புறம்தான் சுவாரசியமே. சில நோயாளிகளிடம் தாளைக் கொடுத்து, "இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். 'மயக்கமாக இருந்ததா?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலைசுற்றல் என்பார், இன்னொருவர் நினைவு தப்பி விழுவது என்பார், மூன்றாமவர் மருந்து போட்டதும் வரும் தூக்கக் கலக்கம் என்பார். சோதனையில் இவை மூன்றும் வேறுவேறு பக்கவிளைவுகள். எஸ்எஃப்-36 என்ற உடல்நலக் கேள்வித்தாளின் ஆங்கில மூலத்தில் மிதமான உடலுழைப்புக்கு ஓர் உதாரணம் கோல்ஃப் ஆடுவது! கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர் என்ன பதில் எழுதுவார்? அதே அளவு மூச்சு வாங்க வைக்கும் வேறு வேலையைத் தேட வேண்டும். கிடைத்தாலும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கேள்வித்தாளின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும்.

மொழியியல், உளவியல், பொதுச் சுகாதாரம், இவற்றில் எதைப் படித்தாலும் இதற்குள் வரலாம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் இது தனித்தொழில், திட்டம் வந்தால்தான் வருமானம். ஆரம்பத்தில் கூடவே வேறு வேலையும் வேண்டியிருக்கும். அதனால்தான் கடன் இல்லாமல் கட்டணம் கட்டக்கூடிய கல்லூரியாகப் பாருங்கள் என்கிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவள் திருத்திய அந்தப் படிவத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.