ரூம்ல நாத்தம், சீலிங்ல ஈரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல டாய்லெட் பத்தித்தான். முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு, பொறுமையாப் படிங்க, அது எல்லா வீட்டுக்கும் வேண்டிய விஷயம்.

கேள்வி: அண்ணே, அம்மா அப்பா ஊருக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு, அவங்க ரூம் டாய்லெட்ட யாரும் யூஸ் பண்றதில்ல. இப்ப ராத்திரியானா அந்தப் பக்கம் சாக்கடை நாத்தம் தாங்கல. எலி செத்துக் கிடக்குதோன்னு சீலிங் வரைக்கும் பாத்துட்டோம், வாசனை ஸ்பிரே அடிச்சும் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. எதனால? (செங்காங் வாசகர்)

பதில்: தம்பி, எலியும் இல்ல ஒண்ணும் இல்ல, உங்க புளோர் டிராப், அதாவது தரை ஓட்டைக்குக் கீழ தண்ணி தங்கற வளைவு, காஞ்சு போச்சு. இப்பவே ஒரு வாளி தண்ணிய எடுத்துட்டுப் போய் அந்தத் தரை ஓட்டையில ஊத்துங்க, பேசின்லயும் ரெண்டு நிமிஷம் பைப்பத் திறந்து விடுங்க, டாய்லெட்டையும் ஒரு தடவ பிளஷ் பண்ணுங்க. அநேகமா இன்னிக்கு ராத்திரியே நாத்தம் நின்னுடும்.

ஏன்னு கேட்டா, தரையில இருக்கிற ஓட்டை, பேசின், டாய்லெட் கிண்ணம் எல்லாத்துக்கும் கீழ பைப்பு வளைஞ்சுதான் போகும், அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி தங்கி நிக்கணும். அந்தத் தண்ணிதான் பூட்டு. அதுக்கு அந்தப் பக்கம் புளோக் முழுக்க மேலேர்ந்து கீழ வரைக்கும் போற கழிவுப் பைப்பு, இந்தப் பக்கம் நீங்க படுத்துத் தூங்கற ரூமு, நடுவுல இருக்கிறது 50 மில்லிமீட்டர் ஆழத் தண்ணி மட்டும், ரெண்டு அங்குலம். ஆள் புழங்காத டாய்லெட்ல மேலேர்ந்து புதுத் தண்ணி விழாது, நம்ம சிங்கப்பூர் வெக்கைக்கு உள்ள இருக்கிறது ஆவியாப் போயிடும், பூட்டு திறந்துக்கும், அவ்வளவுதான் கதை.

இத வெறும் நாத்தப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. 2003ல சார்ஸ் வந்தப்ப ஹாங்காங்ல அமாய் கார்டன்ஸ்னு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல 300 பேருக்கு மேல நோய் தொத்திச்சு. விசாரிச்சுப் பாத்ததுல, பல வீட்டுல பாத்ரூம் தரை டிராப் காஞ்சு கிடந்துருக்கு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் பேன் ஓடும்போது கழிவுப் பைப்புல இருந்த நுண்துளிய வீட்டுக்குள்ள இழுத்துருக்குன்னு சொன்னாங்க. உங்க டாய்லெட்லயும் பேன் இருக்குன்னா, அது ராத்திரி ஓடுதான்னு பாருங்க, நாத்தம் ராத்திரியில அதிகமாகறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். இத எழுதும்போது எனக்கு இப்பவும் மனசு பதறுது, ரெண்டு அங்குலத் தண்ணியில எத்தன குடும்பத்தோட உயிர் இருந்துச்சு பாருங்க.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, கொசு. தேங்கின தண்ணியில டெங்கு கொசு முட்டை போட்டா ஒரு வாரத்துல பறந்து வந்துடும், அதனால சிலர் டிராப்புல தண்ணியே நிக்கக் கூடாதுன்னு துணிய விட்டுத் தொடைச்சு எடுத்துடறாங்க. அய்யோ, அது தப்பு. வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரு வாளி வேகமா ஊத்துங்க, பழைய தண்ணி புழுவோட அடிச்சிட்டுப் போயிடும், புதுத் தண்ணி நிக்கும், பூட்டும் இருக்கும் கொசுவும் இருக்காது. எல்லாரும் வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போறீங்கன்னா, தண்ணி ஊத்திட்டு மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு டேப் ஒட்டி மூடிட்டுப் போங்க.

தண்ணி ஊத்தியும் நாத்தம் போகலன்னா ரெண்டு விஷயம் பாக்கணும். சில டிராப்ல கழட்டி மாட்டற கிண்ணம் ஒண்ணு இருக்கும், அடிக்கடி சோக் ஆகுதுன்னு யாரோ கழட்டித் தூக்கிப் போட்டுருப்பாங்க, அது இல்லன்னா தண்ணி நிக்கவே நிக்காது. இன்னொண்ணு, மேல் வீட்டுல பிளஷ் பண்ணும்போது உங்க டிராப் களக் களக்னு சத்தம் போடுதான்னு கவனிங்க. மேலேர்ந்து மொத்தமா விழற தண்ணி காத்த இழுத்துட்டு இறங்கும், காத்து வர்ற பைப்பு அடைச்சிருந்தா அந்த இழுப்புக்கு உங்க டிராப்புத் தண்ணியே போயிடும். அத நீங்க சரி பண்ண முடியாது, பொதுப் பைப்பு, புளோக்கோட பொது இடத்தப் பாத்துக்கற டவுன் கவுன்சிலுக்குச் சொல்லுங்க.

கேள்வி: எங்க டாய்லெட் சீலிங்ல ஈரம் படர்ந்து பெயின்ட் உரியுது, சொட்டவும் ஆரம்பிச்சிருச்சு. மேல் வீட்டுக்காரர்ட்ட மூணு தடவ சொல்லிட்டேன், எங்க வீட்டுல ஒண்ணும் லீக் இல்லன்னு கதவச் சாத்திக்கிறாரு. யார் செலவு பண்ணணும்? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: அக்கா, அவர் பொய் சொல்லலன்னுதான் நான் நினைக்கிறேன், அவர் தரைல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. டைல்ஸுக்குக் கீழ சிமென்ட், அதுக்குக் கீழ தண்ணி இறங்காம இருக்க ஒரு பூச்சு இருக்கும், வாட்டர்புரூபிங்னு சொல்றது. வருஷம் ஆக ஆக அது தேஞ்சு போகும், அதுதான் பெரும்பாலும் காரணம்.

எதுனாலன்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. நாள் பூரா நிக்காம ஒரே மாதிரி சொட்டுதுன்னா தண்ணி வர்ற பைப்புல ஓட்டை இருக்கலாம், மேல் வீட்டுல எல்லா பைப்பையும் மூடிட்டு மீட்டர் சுத்துதான்னு பாத்தாத் தெரிஞ்சிடும். அவங்க குளிச்சதுக்கப்புறம் அதிகமாகி அப்புறம் குறையுதுன்னா தரைப் பூச்சுதான். எத்தன மணிக்குச் சொட்டுதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க, போட்டோவும் எடுத்து வைங்க, அந்த நோட்டுப் புத்தகம் உங்களுக்கு எந்தச் சண்டையையும் விட உதவும்.

எச்டிபி வீட்டுல, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டின அடுக்குமாடி வீட்டுல, இது மேல் வீடு கீழ் வீடு ரெண்டு பேரோட பொறுப்பும்தான். தரைப் பூச்சு பழசாகி லீக்காகுதுன்னா எச்டிபியோட குட்வில் ரிப்பேர் திட்டத்துல கேக்கலாம், தகுதி இருந்தா பாதி செலவ எச்டிபி ஏத்துக்கும், மீதிய மேல் வீடு கால்வாசி, கீழ் வீடு கால்வாசி. ஆனா மேல் வீட்டுக்காரர் சம்மதிச்சுக் கதவத் திறந்தாத்தான் வேலை சுலபமா நடக்கும். அதனால நாலாவது தடவ போகும்போது "உங்க வீட்டு லீக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்தக் கால்வாசிக் கணக்கச் சொல்லி ஆரம்பிங்க. முழுச் செலவும் தன் தலையில விழும்னு பயந்துதான் நிறையப் பேரு கதவச் சாத்தறாங்க, நான் போன எத்தனையோ வீட்டுல இதத்தான் பாத்தேன். அப்பவும் சரியா வரலன்னா சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கு.

காண்டோன்னா, அதாவது தனியார் அடுக்குமாடி வீடுன்னா, சட்டமே வேற, அடுக்குமாடிக் கட்டடப் பராமரிப்புச் சட்டப்படி சீலிங்ல லீக்குன்னா மேல் வீடுதான் காரணம்னு முதல்ல எடுத்துக்குவாங்க, இல்லன்னு அவங்கதான் நிரூபிக்கணும்.

எச்டிபிகிட்ட நேரா பதிஞ்சு புதுசாக் கட்டின பிடிஓ வீடு எடுத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. புளோக் கட்டி முடிச்ச தேதிலேர்ந்து 3 வருஷத்துக்கு டாய்லெட் சுவர், தரை டைல்ஸ உடைக்கக் கூடாதுன்னு எச்டிபி சொல்றது இந்தப் பூச்சக் காப்பாத்தத்தான். கலர் புடிக்கலன்னா பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டிக்கலாம். உடைச்சவங்க வீட்டுக்குக் கீழ இருக்கிறவங்க படற பாட்ட நான் பாத்துருக்கேன், வேணாம்.

கேள்வி: தெரிஞ்ச ஒருத்தர் பாதி விலைக்கு டாய்லெட் பைப்பு மாத்தி, டேங்க் வச்ச ஹீட்டரும் போட்டுத் தர்றேங்கிறாரு, லைசென்ஸ் இல்லையாம். விடலாமா? (யீஷூன் வாசகர்)

பதில்: வேணாம். தண்ணிக் குழாய் முனைல பழச கழட்டிப் புதுச மாட்டறது, பிளஷ் டேங்க் மாத்தறது மாதிரி சின்ன வேலைய நீங்களே செஞ்சுக்கலாம். பைப்பு போற வழிய மாத்தறது, புதுசா இணைக்கிறது, டேங்க் ஹீட்டர் மாட்டறது எல்லாம் லைசென்ஸ் பிளம்பர் வேலை. ஹீட்டர்ல பிரஷர வெளிய விடற வால்வு ஒண்ணு இருக்கு, அத ஒழுங்கா வைக்கலன்னா கொதிக்கிற தண்ணிக்குப் போக்கிடம் இருக்காது, டேங்கே வெடிக்கும். பிள்ளைங்க குளிக்கிற இடம், 200 வெள்ளி மிச்சம் புடிக்கிற இடம் இல்ல. லைசென்ஸ் உள்ளவங்க பட்டியல் தண்ணி வாரியமான பியூபியோட வெப்சைட்டுலயே இருக்கு.

கேள்வி: தேக்கா பக்கம் சின்னதா சாப்பாட்டுக் கடை வச்சிருக்கோம். சிங்க் மாசத்துக்கு ஒரு தடவ அடைக்குது. சுடுதண்ணி, சோப்பு ஊத்தினா ஒரு நாள் சரியாகுது, மறுபடி அடைக்குது. (தேக்கா வாசகி)

பதில்: சுடுதண்ணி எண்ணெயக் கரைக்கல அக்கா, தள்ளி விடுது. உங்க கடைய விட்டுப் போனதும் ஆறிப் போய் அடுத்த பைப்புல மெழுகு மாதிரி ஒட்டிக்கும், நெய், டால்டான்னா கேக்கவே வேணாம். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு கடையில பைப்ப வெட்டிப் பாத்தேன், உள்ள விரல் போற அளவுதான் ஓட்டை மிச்சம். சாப்பாட்டுக் கடைக்குக் கிரீஸ் டிராப் கட்டாயம், எண்ணெய் மேல மிதந்து நிக்கும், தண்ணி மட்டும் கீழ வழியாப் போகும். நிரம்பினா அது இருந்தும் இல்லாத மாதிரிதான், லைசென்ஸ் கம்பெனிய வச்சு ஒழுங்கா அள்ளணும். அதுக்கு முன்னாடி பாத்திரத்துல ஒட்டின எண்ணெயப் பேப்பர வச்சு வழிச்சுக் குப்பையில போடச் சொல்லுங்க, பாதி அடைப்பு அதுலயே நிக்கும்.

கேள்வி: வீடு துடைச்ச தண்ணிய வாசல் லொங்காங்ல, அதான் வெளிய இருக்கிற வடிகால்ல, ஊத்தினா பக்கத்து வீட்டுக்காரர் திட்டறாரு. அதுவும் சாக்கடைதானே? (செராங்கூன் கார்டன் வாசகி)

பதில்: இல்லம்மா, அவர் சொல்றது சரிதான். இங்க தண்ணிக்கு ரெண்டு பாதை. டாய்லெட், சிங்க் தண்ணி மண்ணுக்கடியில கழிவுக் குழாய்ல போய், சுத்தமாகி, அதுல ஒரு பகுதி நியூவாட்டரா திரும்பி வருது, கிராஞ்சிலேர்ந்து சாங்கி வரைக்கும் 48 கிலோமீட்டருக்குச் சுரங்கமே தோண்டியிருக்காங்க. லொங்காங் மழைத் தண்ணிக்கு மட்டும், நேரா கால்வாய், அப்புறம் நீர்த்தேக்கம். தீவுல மூணுல ரெண்டு பங்கு நிலத்து மழை அப்படித்தான் சேருது, அது நாம குடிக்கிற தண்ணி.

1987 வரைக்கும் இந்த ஊர்ல மலத்த வாளில எடுத்துட்டுப் போன வீடு இருந்துச்சு. சிங்கப்பூர் ஆத்தச் சுத்தம் பண்ணி முடிக்கப் பத்து வருஷம் ஆச்சு. அவ்வளவு பாடுபட்டுப் பிரிச்ச ரெண்டு பாதைய நம்ம மாப் தண்ணி ஒண்ணாக்கக் கூடாது. அந்த வாளிய உள்ள எடுத்துட்டுப் போய் டாய்லெட் புளோர் டிராப்புல ஊத்துங்க, அந்த டிராப்பும் காயாம இருக்கும்.