கட்சில் ஹைபோகோலியஸ் தேடுவது குறித்து

வணக்கம். டிசம்பரில் இரண்டு நாள்கள் குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பெரிய ரண்ணின் வெண்ணிற உப்புவெளியெங்கும் தேடியும் சாம்பல் ஹைபோகோலியஸ் என்னும் பறவை கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சென்ற பருவம் சரியானதே. தேடிய இடம்தான் பொருந்தவில்லை. குளிர்காலத்தில் வலசை வரும் அப்பறவை உகாய் மரத்தின் பழங்களைப் பெரிதும் நம்பியிருப்பதால், சாரி டண்ட் ஈரநிலத்தை அடுத்த புலாய் கிராமப் புதர்க்காட்டுக்கு விடியுமுன் சென்று, ஓரிடத்தில் அசையாமல் நின்று, வெயில் ஏறுமுன் புதர் உச்சிகளைத் தொலைநோக்கியால் வரிசையாகப் பாருங்கள். பின்னர் அப்பறவைகள் இலைகளுக்குள் மறைந்துவிடும். உள்ளூர் வழிகாட்டியின் துணை மிகவும் உதவும்.

கட்சில் தேடத்தக்க மற்றொரு பறவையான, இந்தியாவுக்கே உரிய வெண்பிடரிப் பட்டாணிக்குருவியும் உப்புவெளியில் வாழ்வதன்று. மரப்பொந்துகளில் கூடு கட்டும் அதனை முள்மரக் காடுகளில் தேட வேண்டும். ஒலிப்பதிவை இசைத்து எப்பறவையையும் அழைக்காதீர்கள் என்று அன்புடன் வேண்டுகிறேன்.