புவெர்த்தோ வயார்த்தா: ரிசார்ட் இல்லாமலே முடியும்

மெக்சிகோவின் கடற்கரை நகரமான புவெர்த்தோ வயார்த்தாவில் இரண்டு குழந்தைகள், அம்மாவுடன் ஐந்து நாள்; ரிசார்ட் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரிசார்ட்டை மறந்துவிடுங்கள். மெக்சிகோவில் கடற்கரைகள் பொதுச்சொத்து. லாஸ் முயெர்த்தோஸ் கரையில் சொந்தத் துண்டை விரித்து உட்காரலாம்; உணவகக்காரர்களின் குடை நாற்காலியில் அமர்ந்தால்தான் செலவு.

பழைய நகரப் பகுதியில் சமையலறையுள்ள வீடாக எடுங்கள். மேட்டுத் தெருக்களில் வாடகை மலிவு என்று ஏமாந்துவிடாதீர்கள், அம்மாவின் முழங்கால் பாவம். விமான நிலையத்துக்கு வெளியே நடைமேம்பாலத்தைக் கடந்தால் நகரப் பேருந்து கிடைக்கும்.

மதியத்தில் சிறிய கடைகளில் ‘கொமீதா கொர்ரீதா’ கேளுங்கள்: சூப், சோறு, ஒரு கறி, பானம் சேர்ந்த சாப்பாடு. அம்மா சைவமென்றால் கவனம், மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். ‘மந்தேக்கா’ (அந்தக் கொழுப்புதான்) போட்டதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.