கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கடிதம்: பாடசாலைக்குள் பல்கலைக்கழகம்

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பு 13இல் ஓர் அரசாங்கத் தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்களுடையது 1சி வகைப் பாடசாலை. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டுமே உண்டு. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் நான்குக்குமாக ஒரு ‘ஸ்டெம் நிலையம்’ அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். திறன்பலகை, முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோப் பெட்டிகள் என்று பட்டியல் நீள்கிறது. அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஆசிரியராக இருக்கிறார். அங்கே ‘ஏர்லி கொலேஜ்’ என்ற முறையில் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும்போதே கல்லூரிப் பாடங்களையும் முடித்து இரண்டு சான்றிதழ்களோடு வெளியேறுகிறார்களாம். அதை இங்கும் செய்யலாம் என்கிறார்.

அதிபருக்கு விருப்பம். ஆசிரியர் அறையில்தான் எதிர்ப்பு. “சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடையவே திணறுகிற பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகப் பாடமா?” என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இது நடக்கக்கூடிய காரியமா? எங்கிருந்து தொடங்குவது?

விஞ்ஞான ஆசிரியை, கொழும்பு 13

அன்புள்ள ஆசிரியைக்கு,

நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்து தொடங்கினால் நடக்காது.

முதலில் மூத்த ஆசிரியரின் கேள்வி. அதைப் பொறாமை என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியவர். ஆனால் இந்த முறையே அத்தகைய பிள்ளைகளுக்காகத்தான் உருவானது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். 1974இல் நியூயோர்க்கின் லாகார்டியா சமூகக் கல்லூரி வளாகத்தில் இதன் முன்னோடிப் பாடசாலை தொடங்கியபோது, படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகளையே அது சேர்த்துக்கொண்டது. 2002இல் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடு நாடெங்கும் பரவியபோதும், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போகும் பிள்ளைகளே முதல் இலக்கு. 2011இல் புரூக்ளினில் ஐபிஎம் நிறுவனமும் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய பீ-டெக் பாடசாலையில் நுழைவுத் தேர்வே கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்கு இரண்டு சான்றிதழ்களையும் முடிக்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு.

பலன் என்ன என்று கேட்பார். 2013இல் அமெரிக்க ஆய்வு நிறுவகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் அது ஒப்பிட்டது. ஆய்வுக் காலத்துக்குள் ஏதாவது ஓர் உயர்கல்விச் சான்றிதழைப் பெற்றவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 22 பேர், மற்றதில் 2 பேர். அந்த 22ஐ நன்றாகப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அதற்குள் முடிக்கவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. பழைய மாணவர்களிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது ஆண்டில் ஏமாற்றமடைந்து பணத்தை நிறுத்திவிடுவார்கள்.

இனி நம் ஊர். அமெரிக்காவில் கொலேஜ் என்றால் பல்கலைக்கழகப் படிப்பு. கொழும்பில் கல்லூரி என்றால் பாடசாலை. இந்தச் சொல் மயக்கத்திலேயே பாதித் திட்டம் காணாமல் போய்விடும். ‘பாடசாலைக்குள் பல்கலைக்கழகம்’ என்றே பேசுங்கள். அப்போதுதான் ‘எந்தப் பல்கலைக்கழகம்? அது எதை ஏற்றுக்கொள்ளும்?’ என்ற கேள்விகள் உடனே எழும்.

உங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் மற்ற எவரையும்விட அதிகம் தேவை என்பதை நான் உரத்தே சொல்ல விரும்புகிறேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மன்னார்ப் பிள்ளைக்கும் மொனராகலைப் பிள்ளைக்கும் இந்த ஏற்பாடு கைகொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். ஆனால் கொட்டாஞ்சேனையில் ‘தோட்டம்’ என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்பொன்றின் இரண்டறை வீட்டில் படிக்கும் பிள்ளை, கொழும்பு மாவட்டப் பட்டியலில் யாரோடு நிற்கிறது? நாட்டின் மிக வசதியான பாடசாலைகளின் பிள்ளைகளோடு. ஒரே வெட்டுப்புள்ளி. அதிலும் உங்களுடையது 1சி பாடசாலை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளைகூட உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேறு பாடசாலையின் வாசலில் போய் நிற்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் பதினாறு வயதில் கதவு மூடிவிடுகிறது. வறுமையை மாவட்ட எல்லையால் மட்டும் அளக்கும் முறை, தலைநகரத்து ஏழையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் உயர்தரம் படித்த பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்தது. கண்ணாடி அலமாரியில் உபகரணங்களும் இருந்தன. சாவி எப்போதும் எங்கோ இருந்தது. அமிலத்தின் செறிவை அளக்கும் நியமிப்புப் பரிசோதனையை நாங்கள் குறிப்பேட்டில் மனனம் செய்தோம்: அமிலத்துக்குள் காரம் துளித்துளியாக விழும்போது பினோத்தலின் நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாகும். பல்கலைக்கழகத்தில் முதல் வாரம் விளக்குநர், “பியூரெட்டைக் கழுவிக்கொண்டு வாருங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அளவி என்ற சொல் எனக்குத் தெரியும். பியூரெட் என்றால் அதுதான் என்று தெரியாது. என் முன்னால் செங்குத்தாக நின்ற அந்த நீளக் குழாய்தான் இரண்டுமே என்று புரிந்துகொள்ள, பக்கத்து மேசையைப் பார்க்க வேண்டியிருந்தது. அதன் அடியில் இருந்த திருகைத் திறந்தபோது திரவம் ஒரேயடியாகக் கொட்டியது. குடுவை முழுவதும் கடும் இளஞ்சிவப்பு. ஒரே ஒரு துளியில் நிறம் மாறுவதைக் காண எனக்கு இன்னும் மூன்று கிழமை பிடித்தது. விரலுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பழக்கத்தைப் பதினைந்து வயதில் யாராவது தந்திருக்கலாம். செலவு மிகச் சொற்பம்.

ஆகவே பழைய மாணவர்களின் பணத்தைச் சுவருக்கும் திறன்பலகைக்கும் கொடுக்காதீர்கள். ஆய்வுகூட உதவியாளர் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். பின்னேரம் ஆறு மணிவரை திறந்திருக்கும் ஒரு படிப்பறை, அதில் மின்விசிறி, இணைய இணைப்பு, சோறு. தொழினுட்பக் கல்லூரிக்குப் போய்வர பஸ் காசு. முப்பரிமாண அச்சு இயந்திரம் பழுதானால் அதைத் திருத்துகிறவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்கும். சோற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது கிரெடிட், அதாவது பல்கலைக்கழகப் பாடத்தை அளக்கும் அலகு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணி. அதில் வகுப்பறை விரிவுரை ஏறத்தாழ 45 மணி. நாற்பது நிமிடப் பாடவேளையில் கணக்கிட்டால் 68 பாடவேளைகள். கிழமைக்கு நான்கு ஒதுக்கினாலும் பதினேழு கிழமை வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டி, தவணைப் பரீட்சை, விடுமுறை எல்லாம் போக அது ஒரு தவணைக்குள் அடங்காது, இரண்டு தவணை எடுக்கும். மிச்சம் 105 மணியைப் பிள்ளை தானாகப் படிக்க வேண்டும். எங்கே இருந்து படிக்கும்? அதற்குத்தான் அந்தப் படிப்பறை. இந்தக் கணக்கை நேரசூசித் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரோடும் ஒப்பந்தம் பேசாதீர்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். பீடாதிபதி ஒருவர் வந்து உரையாற்றிவிட்டுப் போவது ஒப்பந்தம் ஆகாது. ‘இந்தப் பாடத்தில் இந்தப் புள்ளி எடுத்த பிள்ளைக்கு எங்கள் இந்தப் பாடநெறியில் இத்தனை கிரெடிட் விலக்களிப்போம்’ என்ற ஒரு வரி இல்லையென்றால், பிள்ளைகள் கையில் மிஞ்சுவது சட்டம் போட்டு மாட்டும் காகிதம் மட்டுமே. அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரிப் பட்டங்களில் இந்த வரியைப் பெறுவது இப்போதைக்குக் கடினம். அங்கே உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிதான் ஒரே வாசல். அதனால் வேறு வாசலைத் தட்டுங்கள். தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் நான்காம் மட்டத்தைப் பாடசாலைக் காலத்திலேயே முடித்த பிள்ளை, 1893இல் தொடங்கிய மருதானைத் தொழினுட்பக் கல்லூரியில் அடுத்த படியைத் தேடலாம். இரத்மலானையில் யுனிவோடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை அந்த ஏணி போகிறது. நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகமும் உயர்தரம் இல்லாதவர்களுக்கு அடிப்படைப் பாடநெறி வழியாக இடம் கொடுக்கிறது, பதினெட்டு வயது ஆக வேண்டும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைக் கலை, வர்த்தகப் பிள்ளைகளும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்பதால், 1சி பாடசாலை முதல் அடியை இதில் வைப்பதே நல்லது.

ஓர் எச்சரிக்கை. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியும் தொழிற்தகைமைக்குக் கொண்டுபோகும் வழிதான். ஆனால் சாதாரண தரத்தில் தவறியவர்களுக்கானது என்ற முத்திரை அதன்மேல் விழுந்துவிட்டது. தாய்மார் அந்த வகுப்பின் பேரைச் சொல்லவே கூசுகிறார்கள். உங்கள் வகுப்பு அந்தக் கதிக்கும் ஆளாகக் கூடாது, மாணவத் தலைவர்களுக்கும் முதல் மூன்று இடக்காரருக்கும் மட்டும் என்றும் ஆகக் கூடாது. தரம் ஒன்பதில் இருபது பேர் போதும். விரும்பிக் கேட்பவர்கள் அதிகம் என்றால் குலுக்கிப் போடுங்கள். குலுக்கலைக் கண்டு பெற்றோர் முகம் சுளிப்பார்கள், ஒரு கூட்டம் வைத்துப் பேசினால் ஏற்றுக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் ஆறு மணிக்குப் பிறகு வீடு திரும்புவது பற்றிய பேச்சும் அதே கூட்டத்தில் வரும். அதைத் தட்டிக்கழிக்காமல் வாகன ஏற்பாட்டோடு போங்கள்.

அந்த இருபது பேரும் தரம் பதினொன்றை எட்டும்வரை பல்கலைக்கழகம் என்ற பேச்சை அதிகம் எடுக்காதீர்கள். கணிதம், அளவெடுத்தல், ஆய்வுக் குறிப்பேடு, மூன்றும் போதும். குறிப்பேட்டை இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும் எழுதவையுங்கள். அளவி ஒரு பக்கம், பியூரெட் மறுபக்கம். பிள்ளை தமிழில் விளங்கிக்கொண்டதைத்தான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், விளங்காததைப் பார்த்தெழுதக் கூடாது. நம் தமிழ்மொழி மூலப் பிள்ளைகள் பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் தடுமாறுவது அறிவுக் குறைவினால் இல்லை. தெரிந்த பொருளுக்குத் தெரியாத பெயர் வைத்துக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

மூத்த ஆசிரியரையே கணிதத்துக்குப் பொறுப்பாகக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலைகளில் நான் கொட்டாஞ்சேனைக்கு வர முடியும். இரண்டு மணிநேரம், அந்த வலப்பக்கத்து ஆங்கிலத்தைப் பிள்ளைகளோடு இருந்து வாசித்துத் திருத்தித் தருகிறேன். அதிபரின் சம்மதத்தைக் கேட்டு எழுதுங்கள். வரும்போது உங்கள் நேரசூசித் தாளையும் பார்க்க விரும்புகிறேன்.