அம்மாவின் மனசு இன்னும் மலை இறங்கவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 53 வயது. மாஞ்சோலை மலையில் நாலுமுக்கு எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தார். அப்பா இல்லை. வேலை முடிந்து கீழே வந்து, கல்லிடைக்குறிச்சியில் எங்களோடு தங்கி நாலு மாதமாகிறது. வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்றார், ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. எந்நேரமும் மலைப் பேச்சு, பேசினால் அழுகை. நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். "சும்மாதான இருக்க, இலையாவது வெட்டித் தாயேன்" என்றேன், அதற்கும் அழுதார். பி.எஃப். பணம் பெயர்க் குழப்பத்தில் நிற்கிறது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். சொந்தக்காரர்கள் செய்வினை என்கிறார்கள். ஒரு தடவை மேலே கூட்டிப் போ என்கிறார் அம்மா. போனால் இன்னும் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இது மனநோயா? போன வாரம் "நான் இருந்து என்னத்துக்கு" என்று சொன்னார்.
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நீங்கள் கடைசியில் எழுதிய வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். "நான் இருந்து என்னத்துக்கு" என்பதைச் சலிப்பில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. அந்த எண்ணம் இருப்பவர்கள், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பெரும்பாலும் காத்திருப்பார்கள். "ஆமா" என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர் என்று டாக்டர்கள் சொல்லும் நிலை போலத் தெரிகிறது. வாழ்க்கையில் பெரிய மாற்றம் ஒன்று வந்து, மூன்று மாதத்துக்குள் இப்படித் தொடங்கும். நினைப்பு முழுக்க அந்த ஒன்றையே சுற்றும். அன்றாட வேலை கெடும். மாற்றமும் அதன் பின்விளைவுகளும் தீர்ந்தபின் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். அம்மா மனசு பலவீனமானவர் என்று இதற்கு அர்த்தமே இல்லை. அட்டைக்கடியிலும் மழையிலும் முப்பது வருஷம் நின்று உழைத்தவர் அவர்.

ஆனால் பின்விளைவு தீர்ந்தால்தானே அந்த ஆறு மாதக் கணக்கே தொடங்கும்? உங்கள் வீட்டில் அது தீரவில்லை. அம்மா இழந்தது குளிர்ந்த காற்றையும் எஸ்டேட் லயன் வீட்டையும் மட்டும் என்று நினைக்காதீர்கள். விடிந்தால் போக ஓர் இடம் இருந்தது, கூட நடக்க ஆட்கள் இருந்தார்கள், எடை போட்டால் பெயருக்கு நேரே எழுதினார்கள், மாதம் பிறந்தால் கையில் சம்பளம் வந்தது. இப்போது பஸ்ஸுக்குக் காசு வேண்டுமென்றால் மகளிடம் கேட்க வேண்டும். "சும்மாதான இருக்க" என்ற சொல் சரியாக அங்கேதான் போய்க் குத்தியிருக்கிறது. நீங்கள் வேண்டுமென்று சொல்லவில்லை, எனக்குப் புரிகிறது. அம்மாவிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

அதனால் பி.எஃப். காரியத்தை வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே நினைத்துச் செய்யுங்கள். ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்பது நிறையப் பேருக்கு இருக்கும் சிக்கல்; திருத்துவதற்குத் தனிப் படிவம் உண்டு. திருநெல்வேலி பி.எஃப். அலுவலகத்துக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவரே கேட்கட்டும், அவரே கையெழுத்துப் போடட்டும். பென்ஷனையும் அங்கேயே விசாரியுங்கள். பத்து வருஷம் பென்ஷன் கணக்கில் பணம் கட்டியிருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. 50 தாண்டியவர்கள் கொஞ்சம் குறைத்து முன்னாலேயே வாங்கலாம். பீடி இலை வெட்டுவதும் அப்படித்தான். அவருக்கு இஷ்டமிருந்தால் வெட்டட்டும், ஆனால் வாரக்கூலி வந்ததும் அவர் பங்கை அவர் கையில் எண்ணிக் கொடுங்கள்.

மலைப் பேச்சை அடக்காதீர்கள். "அதையே நினைச்சிட்டிருக்காத" என்று எல்லோரும் பிரியத்தோடுதான் சொல்கிறோம். அது கேட்பவரை இன்னும் தனியாக்கிவிடும். மேலிருந்து இறங்கியவர்கள் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கமெல்லாம் சிதறிக் கிடப்பார்கள். கூடக் கொழுந்து பறித்த நாலு பெண்களைத் தேடிப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் உங்கள் வீட்டுத் திண்ணையில் கூடட்டும். அவர்கள் பேசிச் சிரித்து அழுவதில் நடப்பதை என்னைப் போன்றவர்கள் ஆலோசனை அறையில் செய்துவிட முடியாது.

மேலே கூட்டிப் போகலாமா? போகலாம். இப்போதைய நடைமுறை என்ன என்று மணிமுத்தாறு வனத்துறைச் சோதனைச் சாவடியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களில் ஒருத்தரும் கூட வரட்டும். அங்கே அழுவார், அழட்டும். வந்த மறுநாள் வீட்டில் சும்மா உட்காராதபடி ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்திருந்தால் மட்டும் முதலில் டாக்டர், அப்புறம் மலை.

செய்வினைப் பேச்சு பற்றி: கோயிலுக்குப் போவது அம்மாவுக்கு ஆறுதல் என்றால் தாராளமாகப் போங்கள். செய்வினை கழிக்கிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். நாலு மாதத்தை ஏற்கெனவே இழந்துவிட்டீர்கள்.

மருந்துக்கடை மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்திருக்கவே கூடாது. இந்த வகை மாத்திரைகள் பல, சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். ராத்திரி எழுந்தால் தள்ளாடி விழவும் வாய்ப்பு உண்டு. அதற்காக இன்றோடு சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அம்மாவின் இந்த நிலைக்கு முதல் வைத்தியம் பேச்சுவழிச் சிகிச்சைதான். பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு, தீர்க்க முடிந்ததைத் தீர்க்க அம்மாவுக்குப் பழக்குவார்கள். இது மனச்சோர்வு நோயாக மாறியிருந்தால் மருந்து தேவைப்படலாம். பேரப்பிள்ளை வந்தால்கூட முகம் மாறாமல், எதிலும் பிடிப்பில்லாமல், பெரும்பாலான நாட்கள் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் அவையும் காரணமாகலாம், மாதவிடாய் நிற்கும் வயதும் இதுதான்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால், மனநல டாக்டர் என்றைக்கு வருவார் என்று அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் சீட்டுப் போடும் இடத்தில் கேளுங்கள். எங்கே போனாலும் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.